காது கழுவிய களை மெஷின்

நான் வயர் மாட்டுகிறவள். மராத்தி பேசுகிற தளேகாவில் ஒரு தகர ஷெட்டில், நெல் வயலில் களை எடுக்கிற பேட்டரி மெஷின் செய்கிறோம். மோட்டாருக்கும் பேட்டரிக்கும் நடுவே ஓடுகிற வயர்கள் என் வேலை. என்னோடு இன்னும் சில பெண்கள் இருக்கிறார்கள். மெஷின் என்றதும் டிராக்டர் மாதிரி எதையோ நினைத்துவிட வேண்டாம். ஒரு பெண் ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டு வரப்பைத் தாண்டிவிடலாம், அவ்வளவுதான் கனம். இரண்டு நாற்று வரிசைக்கு நடுவே தள்ளிக்கொண்டு போனால், அடியில் உருளுகிற பல் சக்கரம் களையைப் பிடுங்கிச் சேற்றுக்குள்ளேயே அமுக்கிவிடும். பெட்ரோல் வேண்டாம், புகை கிடையாது. வீட்டு பிளக்கில் மாட்டினால் சார்ஜ் ஏறும். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கிறவர்களுக்கு அது போதும். பெரிய மெஷின் வந்தால் அந்த வயல்களில் திரும்பக்கூட இடம் இருக்காது.

படிப்பு எனக்கு கேம்ப் என்கிற ஏரியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரைக்கும்தான். தமிழ் எழுதப் படிக்க வந்தது வேதாகமத்தைச் சத்தமாக வாசிக்க வைத்த அப்பாவால். அந்தத் தமிழை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. வயரெல்லாம் மாட்டி முடித்து, பேட்டரிப் பெட்டியின் மூடியை வைத்து ஸ்க்ரூ முடுக்குகிறபோது, மனசுக்குள் ஒரு சின்ன ஜெபம் பண்ணுவேன். ஆண்டவரே, இது போகிற வயலில் ஒருத்தர் கை காலிலும் படாமல் இருக்கட்டும், வேலை தடங்கல் இல்லாமல் நடக்கட்டும். அவ்வளவுதான். உதடு அசைவதைப் பார்த்துப் பக்கத்து பெஞ்சுக்காரி சிரிப்பாள். "மதராசி மந்திரம் போட்டாச்சா? அப்ப பேக் பண்ணிடலாம்" என்பாள் மராத்தியில். நானும் சிரித்துக்கொள்வேன்.

மழை நன்றாகப் பிடித்திருந்த சமயம். எங்களுக்கு மேலே இருக்கிற சார் பெஞ்சுக்கு வந்து நின்றார். நல்ல மனுஷர்தான், எப்போதும் யாருக்கோ பதில் சொல்ல வேண்டியவர் மாதிரி முகத்தை வைத்திருப்பார். மாவல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பெண்கள் குழுவுக்குப் பழகிப் பார்க்கக் கொடுத்த மெஷின் மறுபடியும் நின்றுவிட்டது என்றார். முதல் தடவை நின்றபோது எங்கள் மெக்கானிக் போய், தட்டிப் பார்த்து, ஓட விட்டு வந்திருந்தார். இப்போது அடியோடு ஓடவில்லையாம்.

"மஞ்சள் டேப் சுத்தினது. உன் கைதானே?"

எங்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிற டேப். மஞ்சள் என்னுடையது. "ஆமா சார்" என்றேன். அவர் திட்டவில்லை, போய்விட்டார். திட்டியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும்.

அதற்கப்புறம் என் கை ஓரிடத்தில் நிற்கவில்லை. லோக்கல் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் உட்காராமல் நின்றுகொண்டே கட்கி வரைக்கும் வந்தேன். விஷ்ராந்த்வாடிக்கு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தவள், மிக்ஸி வயரைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். டேபிள் ஃபேன் வயரை இழுத்துப் பார்த்தேன். இழுத்தால் கழன்று வராத வயர்தான் சரியாக மாட்டின வயர். அதுதான் எங்கள் வேலையின் முதல் பாடம். அந்த மெஷினை இழுத்துப் பார்த்தேனா? பார்த்திருப்பேன். ஆனால் ஞாபகத்தில் இல்லை. ஜெபம் பண்ணினது மட்டும் ஞாபகம் இருந்தது. அதுதான் நெஞ்சை அறுத்தது. ஜெபம் பண்ணிவிட்டோமே என்ற தைரியத்தில், இழுத்துப் பார்க்காமல் மூடிவிட்டேனோ?

எங்கள் வீட்டுக்காரர் கேம்பில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்க்கிறார். சாப்பிட உட்கார்ந்தவர் முதல் வாயிலேயே தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஏட்டி, கொழம்புல உப்ப ரெண்டு தடவ போட்டிருக்க."

விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "ஜெபம் பண்ணுத, சரி. வயர இழுத்துப் பாக்க வேண்டியது ஓங் கைதானே? அதையும் கர்த்தர் கையில குடுத்துட்டியோ?"

"அதத்தான நானும் கேட்டுக்கிட்டு இருக்கேன்!"

"அப்ப இங்க உக்காந்து மிக்ஸிய இழுத்தா என்ன தெரியும்? அங்க போயி அத இழுத்துப் பாரு." தயிரை ஊற்றிப் பிசைந்தார். "நாளைக்கு உப்பு நான் போடுதேன்."

மறுநாள் காலையில் சாரிடம் போய், மெஷினைப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். மெக்கானிக் லீவு. சார் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வண்டியில ஏறு" என்றார்.

கம்பெனியின் சின்ன டெம்போ; டிரைவர், சார், ஓரமாய் நான். வைப்பர் ஒரு பக்கம்தான் வேலை செய்தது; அதுவும் என் பக்கம். தளேகாவின் தொழிற்சாலைச் சுவர்கள் முடிந்து வயல் ஆரம்பித்ததும் சார் பேச்செடுத்தார்.

"இன்னொரு ஊர்ல மெஷின் கேட்டுக்கிட்டே இருக்காங்க. பழகிப் பாக்கக் குடுக்குறதுக்கு வேற மெஷின் கையில இல்ல. நம்ம வேலையில கோளாறுன்னா, அங்கேயே சரி பண்ணிக் குடுத்துட்டு வந்துருவோம். அவங்க கெடுத்திருந்தாங்கன்னா ஏத்திக்கிட்டு வந்து அந்த ஊருக்குக் குடுத்துருவேன். ஆபீஸ்ல அப்படித்தான் சொல்லியிருக்காங்க."

என் கை தப்பு செய்திருந்தால் அந்தப் பெண்களுக்கு மெஷின் இருக்கும். என் கை சரியாக இருந்தால் மெஷின் அவர்களை விட்டுப் போய்விடும். அதுவரை என் வயர் இறுகலாக இருக்க வேண்டுமென்றுதான் வேண்டிக்கொண்டு வந்தேன். இப்போது எதை வேண்டிக்கொள்வது? கண்ணை மூடினேன். ஆண்டவரே, ஆண்டவரே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். டெம்போ குழியில் விழுந்து எழுந்தது.

அந்தக் கிராமத்தில் குழுவை நடத்துகிற பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். எல்லோரும் அவளைத் தாயீ என்றே கூப்பிட்டார்கள். அக்கா என்று அர்த்தம். நானும் அப்படியே கூப்பிட்டேன். புடவையைக் கச்சம் வைத்துக் கட்டி, தலைக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை மாட்டிக்கொண்டு வரப்பில் நின்றிருந்தாள். குரல் வயலின் அந்தக் கோடிக்குக் கேட்கும்.

"வாங்க சாஹேப்! போன தடவ வந்தவரு தட்டிப் பாத்தாரு, டீ குடிச்சாரு, போனாரு. இந்தத் தடவ டீ கடைசியிலதான்."

"கடைசியிலயாவது உண்டா?" என்றார் சார்.

"மெஷின் ஓடினா உண்டு."

வயலைக் காட்டினாள். இந்திராயணி நெல். கயிறு பிடித்து நட்ட வரிசைகள் நேராக ஓடின. ஆனால் வரிசைக்கு நடுவே பச்சை நிரம்பிக் கிடந்தது. நெல் எது புல் எது என்று என்னால் தூரத்திலிருந்து சொல்ல முடியவில்லை. ஓரமாய் இரண்டு பெண்கள் குனிந்து கையால் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பிடுங்கிக்கொண்டு முன்னே போகப் போக, பின்னால் அது முளைத்துவிடும் போலிருந்தது.

மெஷின் அவள் வீட்டுக்குள் இருந்தது. சார்ஜ் போடுகிற பிளக் சாமி அலமாரியின் பக்கத்தில் இருந்ததால் அங்கேயே நிறுத்தியிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு ஆச்சரியம். சேற்றில் உழைக்கிற சாமான் மாதிரியே இல்லை. எங்கள் ஷெட்டிலிருந்து போனபோதுகூட அவ்வளவு பளிச்சென்று இருந்திருக்காது. கைப்பிடியில் மஞ்சள் குங்குமம், ஒரு செம்பருத்தி.

உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். மஞ்சள் டேப். ஒவ்வொரு வயராகப் பிடித்து இழுத்தேன். முதலில் மெதுவாக; பிறகு கோபம் வந்தவள் மாதிரி. ஒன்றும் அசையவில்லை. 'ஸ்தோத்திரம்' என்று வாயிலிருந்து வந்தேவிட்டது. வந்த மறு நிமிஷமே டெம்போவில் சார் சொன்னது நினைவுக்கு வந்தது. இவள் வீட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டு, இவளிடமிருந்து மெஷின் போகப்போகிறதற்கா ஸ்தோத்திரம் சொன்னேன்?

சார்ஜ் வயர் செருகுகிற துளை மோட்டாருக்குப் பக்கத்தில், கீழே இருக்கும். அதற்கு ஒரு ரப்பர் மூடி உண்டு. மூடியைத் தூக்கினேன். உள்ளே பித்தளையெல்லாம் பச்சை பூத்திருந்தது. தண்ணீர்.

சேற்றுத் தண்ணீர் தெறிப்பதை அந்த மூடி தாங்கும். மூடியை எடுத்துவிட்டு ஊற்றினால்தான் இப்படி ஆகும்.

"தாயீ, இத எப்படிக் கழுவுறீங்க?"

அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. இதைக் கேட்பார்கள் என்றே காத்திருந்தவள் போல எழுந்தாள். "நான் கழுவுற மாதிரி இந்த ஊர்ல யாரும் கழுவ மாட்டாங்க. வேல முடிஞ்சதும் ஓடையில இறக்கிருவேன். நார் போட்டுத் தேய்ப்பேன். சக்கரம், பல்லு, வயிறு எல்லாம். எங்க மாட்டக் குளிப்பாட்டுனா காத விட்டுருவோமா? இதுக்கும் காது இருக்கே!" என்று அந்த ரப்பர் மூடியைத் தூக்கிக் காட்டினாள். "இதுக்குள்ளதான் சேறு நிக்கும். துணிய நனைச்சு விரல்ல சுத்தி உள்ள விட்டு நல்லா எடுத்துருவேன். மேல ரெண்டு சொம்பு தண்ணியும் ஊத்துவேன்."

வாசலில் நின்ற பெண்கள் பெருமையாகத் தலையாட்டினார்கள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவள் மெஷினைக் கெடுக்கவில்லை. ஒரு உயிரை வைத்துப் பார்க்கிற மாதிரிப் பார்த்திருக்கிறாள்.

சார் என்னை ஓரமாகக் கூப்பிட்டு இந்தியில் கேட்டார். "வயரா, தண்ணியா?"

என்ன சொல்லியிருக்கலாம் என்று இப்போதும் யோசிப்பதுண்டு. ஒரு வயரைப் பிய்த்துக் காட்டியிருந்தால் முடிந்தது. கைக்கெட்டுகிற தூரத்தில்தான் கட்டர் இருந்தது. ஆனால் பொய் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை கோவிலில் போய் உட்கார என்னால் ஆகாது.

"தண்ணி சார்" என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார். டிரைவரைக் கூப்பிட்டு, மெஷினை ஏற்றச் சொன்னார்.

தாயீக்கு ஒரு நொடி புரியவில்லை. டிரைவர் கைப்பிடியைத் தொட்டதும்தான் புரிந்தது. வாசலுக்குக் குறுக்கே வந்து நின்றுகொண்டாள்.

"எங்க தூக்குறீங்க?"

"சரி பண்ணணும்."

"சரி பண்ணி?"

சார் டெம்போ பக்கம் பார்த்தார்.

"தெரியும், வேற ஊருக்குப் போயிரும். இந்த மெஷினுக்காகத்தான கயிறு பிடிச்சு நட்டோம்? 'நெல்லு நடுறியா, சடை பின்னுறியா'ன்னு எங்க மாமியா ஊர் பூரா சொல்லிச் சிரிச்சா. அந்தச் சிரிப்பத் தாங்கிக்கிட்டு நட்டோம். களை எடுக்கக் கூலிக்கு ஆள் எங்க இருக்கு? எங்க ஊர் ஆம்பளைங்க அத்தனை பேரும் உங்க தளேகாவ் கம்பெனி கேட்லதான ஷிப்டுக்கு நிக்குறாங்க. கையையும் நீங்க எடுத்துக்கிட்டீங்க, மெஷினையும் எடுத்துக்கிட்டுப் போங்க. புல்லு மட்டும் எங்களுக்கு."

டிரைவர் கையை எடுத்துவிட்டார்.

நான் பேசுவேன் என்று நானே நினைக்கவில்லை. சாரிடம் அதுவரை 'ஆமா சார்', 'இல்ல சார்' தாண்டி ஒன்றும் பேசினதில்லை.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. சேத்துல இறங்குன சாமானக் கழுவாம யாரு வீட்டுக்குள்ள வைப்பா? அதுவும் சாமி இருக்கிற இடத்துல? செருப்பக்கூட வெளிய விட்டுட்டுத்தான வந்தோம். கழுவாதீங்கன்னு சொன்னா இங்க சரின்னு சொல்லுவாங்க, நாம போனதும் கழுவுவாங்க. நானா இருந்தாலும் கழுவுவேன். இது கெடுத்தது இல்ல சார்."

"ஆபீஸ்ல இதப் போயி நான் எப்படிச் சொல்றது?"

"நீங்க பாத்ததச் சொல்லுங்க சார். காது மாதிரி இருந்துச்சு, கழுவிட்டாங்க."

சார் வெளியே போய் இறவாரத்தின் கீழே நின்றார். மறுபடி உள்ளே வந்தார். மெஷினைப் பார்த்தார், தாயீயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேறு இரண்டு ஊர்களிலிருந்தும் இதே மாதிரிப் புகார் வந்திருக்கிறது என்று அப்போதுதான் சொன்னார். பிறகு, "இப்ப ஓட வைக்க முடியுமா?" என்றார்.

"பாக்குறேன் சார்."

"இந்தக் களை முடியுற வரைக்கும் இருக்கட்டும். நடுவுல ஒரு தடவ நின்னாலும் யாரு பேச்சும் கேக்க மாட்டேன். ஏத்திக்கிட்டுப் போயிருவேன்."

பையில் சார்ஜ் துளைக்கு ஒரு புது சாக்கெட் வைத்திருந்தேன். பச்சை பூத்ததைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டினேன். மோட்டாரை ஓட்டுகிற கன்ட்ரோலர் பெட்டிக்குள்ளும் ஈரம் இருந்தது. அதைக் கழற்றி, தாயீயின் அடுப்புக்குச் சற்றுத் தள்ளி, சூடு மட்டும் படுகிற மாதிரி ஒரு மணையில் வைத்தோம். காய்கிற வரைக்கும் அந்த வீட்டில் யாருக்கும் வேறு வேலை ஓடவில்லை. தாயீ குனிந்து குனிந்து பார்த்தாள். "பாக்ரி ரொட்டி வேகுறதுக்குக்கூட நான் இப்படிக் காத்திருந்ததில்ல" என்றாள். காய்ந்ததும் மாட்டி, துளையைச் சுற்றி கிரீஸ் அடைத்து, எல்லா வயரையும் இழுத்துப் பார்த்து மூடினேன். சுவிட்சைப் போட்டதும் சக்கரம் சுழன்றது. வாசலில் நின்ற பெண்கள் கையைத் தட்டினார்கள்.

அப்புறம் தாயீ குங்குமச் சிமிழை எடுத்து வந்து என் முன்னே நீட்டினாள். "எது வரைக்கும் தண்ணி படலாம்னு ஒரு கோடு போட்டுக் குடு. கோட்டுக்குக் கீழ கழுவுறேன், மேல ஈரத் துணி கூடப் படாது. பண்ணினவ நீ, நீயே போடு."

என் விரல் எழவில்லை. குங்குமம் நான் தொடுவதில்லை. மாட்டேன் என்றால் இந்த நேரத்தில் அவள் மனசு என்ன ஆகும் என்றும் தெரியவில்லை. சிமிழைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அவள் என் நெற்றியைப் பார்த்தாள், கழுத்துச் சங்கிலியில் தொங்கின சிலுவையைப் பார்த்தாள்.

"ஓ, நீ அந்தச் சாமியா? சரி, ஸ்க்ரூட்ரைவர வச்சுக் காட்டு. நான் போட்டுக்குறேன்."

நான் காட்டக் காட்ட அவள் மெஷினைச் சுற்றிக் கோடு இழுத்தாள். கொஞ்சம் கோணலாய்ப் போய்ச் சேர்ந்தது.

கிளம்புவதற்கு முன் என்னை வயலில் இறங்கித் தள்ளச் சொன்னாள். எத்தனையோ மெஷினுக்கு வயர் மாட்டியிருக்கிறேன், ஒன்றையும் வயலில் தள்ளினதில்லை. முழங்கால் வரை சேறு. கைப்பிடி அதிர்கிற அதிர்வு தோள் வரைக்கும் வந்தது. ஒரு வரிசை முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது, இரண்டு நாற்றையும் மிதித்துவிட்டேன். பின்னாலிருந்து, "வயர் மட்டும் மாட்டு நீ, வயலுக்கு வராத!" என்று தாயீ கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். சாருக்கு டீ கிடைத்தது.

வீட்டுக்கு வந்தும் எனக்கு நிம்மதி இல்லை. 'நடுவுல ஒரு தடவ நின்னாலும்' என்று சார் சொன்னது காதிலேயே இருந்தது. மழை வலுத்தால், ஓடையில் இறக்கியிருப்பாளோ என்று நினைப்பேன். மழை விட்டால், இப்போது வேலை முடித்துக் கழுவிக்கொண்டிருப்பாளோ என்று நினைப்பேன். குங்குமக் கோடு மழையில் கரைந்திருக்குமே என்று ஒரு நாள் குளிக்கும்போது தோன்றி, சோப்போடு அப்படியே நின்றேன். ஷெட்டில் சார் செருப்புச் சத்தம் கேட்டாலே கை வேலையை விட்டுவிடும்.

"போன் பண்ணிக் கேட்டாத்தான் என்னட்டி?" என்றார் வீட்டுக்காரர்.

"கேட்டு, நின்னுபோச்சுன்னு சொல்லிட்டா?"

"கேக்காட்டா நின்னது ஓடிருமா?"

ஜெபத்தில் முழங்கால் போட்டாலும் அதே வயல்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஆண்டவரே, அவள் துணியை எடுக்காமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இப்படியெல்லாம் வேண்டிக்கொள்ளலாமா என்று தெரியாது. அவருக்கு விளங்கியிருக்கும்.

ஒரு நாள் காலையில் சார் நனைந்துபோய் நேரே என் பெஞ்சுக்கு வந்தார். அந்தக் கிராமத்திலிருந்து வருகிறார் என்பது காலில் இருந்த சேற்றைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பிளையரைக் கீழே வைத்தேன்.

"கொண்டு வந்துட்டீங்களா சார்?"

"எங்க கொண்டு வர்றது? அவ வயல்ல களை முடிஞ்சுது. மெஷின் அவ வீட்டுலயே இல்ல. பக்கத்து வயல்காரிக்குக் குடுத்து, அவ அடுத்தவளுக்குக் குடுத்து, எங்கயோ மலைச் சரிவுல ஓடிக்கிட்டு இருக்கு. நான் நின்னு பாத்தேன். 'சாஹேப், அறுப்பு முடிஞ்சதும் வாங்க, அரிசியும் தர்றேன், மெஷினும் தர்றேன்'ங்கறா. பிடுங்கிக்கிட்டா வர முடியும்? அத்தனை பொம்பளைங்க சுத்தி நிக்குறாங்க, கையில ஆளுக்கொரு அரிவாள்." சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரிப்பு நின்றது. "அது சரி, காத்துக்கிட்டு இருக்கானுங்களே இன்னொரு ஊர்க்காரனுங்க, அவங்களுக்கு நான் என்ன சொல்றது? அங்கயும் புல்லு வளருது."

அதை நான் நினைத்துப் பார்த்திருக்கவேயில்லை. இவ்வளவு நாளும் ஒரே ஒரு வயல்தான் எனக்கு உலகத்தில் இருந்தது. யாரோ ஒருத்தி அந்த ஊரிலும் கயிறு பிடித்து நட்டுவிட்டு, யாரோ சிரிக்கிற சிரிப்பைத் தாங்கிக்கொண்டு, டெம்போ வருகிறதா என்று வரப்பில் நிற்பாள்.

சார் ஒரு புது மெஷினின் இரும்புச் சட்டத்தை என் பெஞ்சில் சாய்த்து வைத்தார். சார்ஜ் துளையை இந்தத் தடவை தண்ணீர் எட்டாதபடி மேலே, கைப்பிடிக்குப் பக்கத்தில் ஏற்றிப் போட்டிருந்தார்கள். "வயர் எட்டுதா பாரு."

பிடித்துப் பார்த்தேன். ஒரு சாண் குறைந்தது. நீள வயர் வெட்டி சட்டத்தின் குழாய்க்குள் விட்டால், வளைவில் இடித்துக்கொண்டு நின்றது. வெளியே இழுத்து, முனையை மடித்து, மறுபடி விட்டேன். பக்கத்து பெஞ்சுக்காரி எழுந்து வந்து குழாயின் மறு முனையில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

"வருதா?"

"தள்ளு, இன்னும் வரல."

"சார், அந்த ஊருக்கு எப்ப வேணும்?" என்று கேட்டேன்.

"நேத்தே" என்றார் சார். நான் வயரைத் தள்ளினேன்.